ஓரகத்தியின் கம்ப்யூட்டர்

என் ஓரகத்தியைப் பற்றி நல்ல வார்த்தை எழுதப்போகிறேன் என்றால் எங்கள் சொந்தபந்தத்தில் யாரும் நம்பமாட்டார்கள். என் கணவரின் தம்பி மனைவி அவள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறோம். இத்தனை காலமும் முகம் சுளிக்காமல் இருந்தோம் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்பதிலிருந்து துவைத்த புடவையை எந்தப் பக்கம் உலர்த்துவது என்பதுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. எனக்கு எதுவும் உடனே ஆகவேண்டும். அவளுக்கு எதிலும் நிதானம். வீடு தீப்பிடித்தால்கூட எந்த மூலையில் முதலில் பிடித்தது என்று பார்த்துவிட்டுத்தான் இவள் தண்ணீர் எடுப்பாள் என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அந்த நிதானத்தைத்தான் போன ஐப்பசியில் நான் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். வீட்டில் இப்போது இருப்பது நான், என் கணவர், அவள், மூன்று பேர்தான். என் மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். அவள் மகள் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில். அவள் கணவர், அதாவது என் கொழுந்தனார், வளைகுடாவில். கல்யாணமான மறுவருஷம் போனவர். லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய்வருவார், வரப்பில் கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பவும் பெட்டியைக் கட்டுவார். அவருக்கும் ஐம்பது ஆகப்போகிறது. போன தடவை கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். கார்காரர் ஹாரன் அடித்தும் நிமிரவில்லை. நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் போன பிறகுதான் இவள் வேலை தேட ஆரம்பித்தாள். கணக்கில் பி.எஸ்சி. படித்தவள். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் உட்கார்ந்து எழுந்த பிள்ளை கணக்கில் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். போனில் பேசிப் பார்த்தவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்டவேண்டும், அது சரியாக அமைந்தால் வேலை என்றார்கள். கூடவே நிபந்தனைகளும் சொன்னார்கள். சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கதவு சாத்திய, சத்தமில்லாத அறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு நடக்கும்போது படமும் குரலும் அறுபடக்கூடாது. அறுபட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"இந்த வேலை கெடச்சா அவங்க திரும்பி வந்துடலாம் அக்கா. பொண்ணு படிப்ப நான் பாத்துக்குவேன். அவங்ககிட்ட இப்ப சொல்லிடாதீங்க. கெடைக்கலன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டமா போயிடும்."

அன்றைக்குக் கீரையில் கிடந்த குச்சிகளை நான் சொல்லிக்காட்டவில்லை.

கம்ப்யூட்டரை மயிலாடுதுறையில் ஒரு கடையிலிருந்து என் கணவர் போய் எடுத்துவந்தார். கடைக்காரர் கூடவே வந்து உள்ளறையில் மேஜை போட்டு மாட்டிக்கொடுத்தார். உள்ளறை என்பது கூடத்தின் கடைசியில் இருக்கும் அவர்களுடைய அறை. முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் தெரியவேண்டும் என்று கம்பெனி கேட்டதற்கு அந்த அறைதான் தோதாக இருந்தது. எங்கள் வீட்டு நெட் ஒயர் தெருக்கம்பத்திலிருந்து வாசல் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் வந்து, ஜன்னலுக்கு மேலே ஆணியில் தொங்கும் மோடத்தில் முடிகிறது. அங்கிருந்து ஒயர் இல்லாமலே எல்லா போனுக்கும் நெட் போகிறது, கம்ப்யூட்டருக்கும் அப்படியே போகும் என்றார் கடைக்காரர். போகவும் செய்தது. மகளை வீடியோவில் கூப்பிட்டால் அவள் கன்னத்துப் பருவரைக்கும் தெரிந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். கரண்ட் போகிற இடத்தில் வைக்கக்கூடாது என்று தடுத்து, திரையின் காலில் மட்டும் ஒரு பொட்டு வைக்கவிட்டாள்.

அன்று சாயங்காலமே நெல்லும் வீடு வந்து சேர்ந்தது. குறுவை அறுவடை முடிந்த நேரம். போன வருஷம் கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல் வரிசையில் காத்துக் கிடந்து, மழையில் நனைந்து, கிடந்த இடத்திலேயே முளைத்துவிட்டது. பச்சைப்பசேலென்று நாற்றங்கால் மாதிரி நின்ற நெல்லைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்த வருஷம் நிலையத்தில் ஈரப்பதம் அளந்து பார்த்துவிட்டு, அதிகமாக இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காயவைக்க வெயில் வேண்டாமா? வானம் மூடியே கிடந்தது. இனி ஒரு மூட்டையைக்கூட வெளியில் விடுவதில்லை என்று இவர் வீம்பாக அத்தனையையும் கூடத்துக்குள் கொண்டுவந்து அட்டியாக அடுக்கிவிட்டார். இரண்டு மூட்டைக் கனத்தில், ஆள் உயரத்துக்கு மேல், கூடத்தைக் குறுக்கே மறித்துக்கொண்டு நெல்லாலேயே ஒரு சுவர் எழும்பியது. டிவி அதற்குப் பின்னால் போனது. உள்ளறைக்குப் போக வேண்டுமானால் ஓரமாக ஒருக்களித்து நுழையவேண்டும். என் உடம்புக்கு அது லேசான காரியமில்லை. வீடு முழுக்க ஈர நெல்லின் வெக்கை ஏறி, ஊதுவத்தி கொளுத்தினாலும் நெல் வாசம்தான் வந்தது.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மகளைக் கூப்பிட்டால் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும், நடுவில் விழுங்கிவிடும். வாங்கின மறுநாளே இப்படி ஆனால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். புது மோட்டார் போட்டாலும் முதலில் கொஞ்ச நாள் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்றார் என் கணவர். அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்றாள் மகள். கடைக்காரரைக் கேட்டால் லைனில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார். லைன் பார்க்கிறவரை வரவழைத்தோம். அவர் மோடத்துக்கு அடியில் நின்று தன் போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார். முள் வலது கோடிக்குப் போய் நின்றது. எங்கள் லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எனக்கு இவர்கள் யார் மேலும் நம்பிக்கை இல்லை. பெட்டியை இறக்கும்போது எதிர்வீட்டுக்காரி கைவேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தாள், அந்தக் கண்தான் என்பது என் கட்சி. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அன்று மாலை நல்ல மழை பிடித்துக்கொண்டது, நெட் முன்னைவிட மோசமாகப் போனது. ஓரகத்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு.

அவள் செய்ததெல்லாம் வேறு விதம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றிவிட்டு வேகத்தைச் சோதிப்பாள். பலன் இல்லையென்றால் பழையபடியே வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். நானாக இருந்தால் எல்லா ஒயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கி, எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் ஆக்கியிருப்பேன். புதுக் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காமலே உள்ளுக்குள் ஏதேதோ இறக்கிக்கொண்டிருக்கும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். அதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்தாள். வேகம் சற்றே ஏறியது. பிடித்துவிட்டாய் என்று நான் குதித்தேன். இது பாதிகூட இல்லை, பெரிய காரணம் வேறே எங்கோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைத் தாளிக்கப் போய்விட்டாள்.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு பெண், வகுப்புக்கு முன்னால் லைனைச் சோதிப்பதற்காக வீடியோவில் வந்தாள். நான் ஒருக்களித்து நுழைந்து கதவோரம் நின்றேன். வணக்கம் சொல்வதற்குள்ளேயே படம் துண்டு துண்டாகிவிட்டது. மன்னிக்கவும், நாளை மறுநாள் காலை வகுப்பை வைத்துக்கொள்ளலாம், அதிலும் இப்படியானால் அடுத்தவரைக் கூப்பிடவேண்டியிருக்கும் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஓரகத்தியும் மரியாதையாகவே சரி என்றாள்.

அன்று மத்தியானம் கொழுந்தனார் போன் செய்தார். இந்தத் தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவள் சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்தாள். பிறகு அடுப்படியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. லைன்காரரைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவரும் பாவம், வேறு என்ன செய்வார், ஒரு நீள ஒயர் வாங்கி நேராகக் கம்ப்யூட்டருக்கே இழுத்துத் தருகிறேன், நாளை மறுநாள் வருகிறேன் என்றார். நாளை மறுநாள்தானே வகுப்பே. போனை வைத்ததும் ஓரகத்தி கேட்டாள், கத்தினால் வேகம் கூடுமா அக்கா என்று. கிண்டலாகக் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்கவேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்பது போலக் கேட்டாள்.

மறுநாள் சாப்பாடு ஆனதும், பாத்திரத்தைக்கூடத் தேய்க்காமல், கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயர்களைக் கழற்றினாள். குழந்தையைத் தூக்குவது போல அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு ஓரமாக நுழைந்து கூடத்துக்கு வந்தாள். திரையை என்னைத் தூக்கிவரச் சொன்னாள். நானும் என் வயிறும் திரையும் அந்த இடுக்கில் படாதபாடு பட்டோம். மோடத்துக்கு நேர் கீழே ஸ்டூலில் வைத்து மாட்டினாள். திறந்தது. பறந்தது. வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

நான் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை. கம்ப்யூட்டரும் சரி, லைனும் சரி, அப்படியானால் வழியில்தான் ஏதோ இருக்கிறது என்றாள். தன் போனை எடுத்து, அதில் சிம் கார்டு நெட்டை அணைத்து, மோடத்தின் நெட்டில் மட்டும் ஓடும்படி வைத்தாள். இத்தனை நாளும் அது எங்களை ஏமாற்றியிருக்கிறது. உள்ளறைக்குள் போனதும் போன் தானாகவே சிம்முக்கு மாறிக்கொள்ளும், அதனால் போனெல்லாம் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் மக்கர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அவள் போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மோடத்தடியிலிருந்து அடியடியாக நடந்தாள். அட்டிவரை வேகம் குறையவில்லை. இடுக்கில் நுழைந்து அட்டிக்குப் பின்னால் போனதும் விழுந்தது. திரும்பி வந்தாள், ஏறியது. ஒரு நாற்காலிமேல் ஏறி அட்டிக்கு மேலே கையை நீட்டிப் பிடித்தாள், நன்றாக இருந்தது. கையை அப்படியே பின்பக்கம் இறக்கினாள், விழுந்தது. இறங்கி நின்று மூட்டைகளையே பார்த்தாள். ஒரு சாக்கின் தையலுக்குள் இரண்டு விரலை விட்டு நாலு நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை.

"அக்கா, நெல்லுதான் குடிக்குது."

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். மோடத்திலிருந்து வரும் அலைக்குச் செங்கல் சுவர்கூட அவ்வளவு பெரிய தடையில்லை, தண்ணீர்தான் பெரிய தடை. ஈர நெல்லில் இருப்பது தண்ணீர்தானே. இரண்டு மூட்டைக் கனத்துக்குத் தண்ணீரை நிறுத்திவைத்தது போலக் கூடத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் வந்த அன்று சாயங்காலம் நெல் வந்தது, மறுநாள் வேகம் போனது. மழை பிடித்த மாலைகளில் நெல் இன்னும் ஈரம் வாங்க, வேகம் இன்னும் மோசமானது. எல்லாம் கண்ணுக்கு எதிரேயே நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கெட்டதோ லைன் கெட்டதோ என்று ஊரையெல்லாம் கேட்ட எங்களில் ஒருவருக்குக்கூட, வீட்டுக்குள் ஒருக்களித்து நடக்கிறோமே, நெட் மட்டும் எப்படி நேராக நடக்கும் என்று தோன்றவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லாததால், போய்ப் பாத்திரத்தை நானே தேய்த்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது, காரியம் ஆகவேண்டுமே. கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்து நடத்த முடியாது, கதவு சாத்திய அறைதான் வேண்டும் என்றிருக்கிறார்கள். மோடத்தை நகர்த்தலாம் என்றால் அதற்கு வரும் கண்ணாடி இழை ஒயர் மடங்கினால் உடைந்துவிடும், லைன்காரர் கைதான் படவேண்டும். மிச்சம் இருப்பது நெல். நெல்லை நகர்த்தவேண்டும் என்றால் என் கணவரிடம் சொல்லவேண்டும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி, கணவரின் அண்ணனுக்கு எதிரில் உட்காரமாட்டாள், முகம் பார்த்துப் பேசவும்மாட்டாள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே வந்துவிட்டது. மாமாவைச் சாப்பிட வரச்சொல்லுங்கள் என்று அவர் காதில் விழும்படியே என்னிடம் சொல்வாள். வருகிறேன் என்று சொல்லு என்று அவரும் என்னிடமே சொல்வார். இத்தனை வருஷமாக நான் இருவருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்திருக்கிறேன். அன்றைக்கும் என்னிடம்தான் சொல்வாள் என்று நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த அட்டியை யாராவது தொட்டாலே அவருக்குப் போன வருஷம் முளைத்த நெல் கண்ணில் நிற்கும்.

அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இவள் நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"மாமா, மூட்டைய நகத்தித் தரணும். நாளைக்கு வகுப்பு நல்லபடியா நடந்து எனக்கு வேலை கெடச்சாத்தான் அவங்க ஊருக்கே வந்து இருக்க முடியும். அதுக்காகத்தான் கேக்கறேன்."

இவள் வேலை தேடுவது தம்பியை வரவழைக்கத்தான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. துண்டால் முகம் துடைக்கப் போனவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவள் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. போனை அவர் கையில் கொடுத்து, மோடத்தடியிலிருந்து உள்ளறைவரை நடந்து பார்க்கச் சொன்னாள். அவர் நடந்தார். எண் விழுவதைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து ஒரு மூட்டையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஈர நெல் என்னென்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"தம்பி வந்துடுவான்னா மொத்தத்தையும் வாசல்ல தூக்கிப் போட்டுடறேன்மா. நனைஞ்சா நனையட்டும்."

நெல்லில் ஒரு தூறல் விழுந்தால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷன். ஆனால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நெல்லும் நனையக்கூடாது, வாசலுக்கு ஒரு மூட்டையும் போகவேண்டாம், மோடத்துக்கும் அறைக்கதவுக்கும் நேராக ஒரு சந்து விட்டால் போதும் என்றாள். மூட்டைகளுக்கு நடுவில் காற்றுப் போனால் நெல்லுக்கும் நல்லதுதான் என்று இவரும் சொன்னார்.

மழையில் ஆள் யாரும் கிடைக்கவில்லை. மூன்று பேரும்தான் இறங்கினோம். என்னால் தூக்க முடியாது. இழுத்தேன், தள்ளினேன், மற்ற நேரம் யோசனை சொன்னேன். மூட்டையின் ஒரு முனையை அவரும் மறு முனையை அவளும் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்து, தூக்குங்க மாமா, மெதுவாம்மா என்று சொல்லிச் சொல்லி நகர்த்தினார்கள். என் தபால் வேலை அத்தோடு போயிற்று. கொஞ்சம் மூட்டைகள் எங்கள் படுக்கையறைக்குப் போயின, கொஞ்சம் அடுப்படிக்கு வந்தன, மீதி கூடத்தின் இரு பக்கமும் ஏறி நின்றன. நடுவில் வாசல் ஜன்னலிலிருந்து உள்ளறைக் கதவுவரை நேர்கோடாக ஒரு சந்து திறந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுபோய் மாட்டிப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டாள். அம்மா, உன் தலையெல்லாம் உமியா இருக்கு என்று மகள் சொன்னது அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது.

காலையில் தூறல் இருந்தது. வகுப்பு நேரத்துக்கு முன்பே மிக்சி, மோட்டார் எதையும் போடக்கூடாது என்று நான் உத்தரவு போட்டுவிட்டேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாலும் அலைக்குத் தடையில்லை என்று முதல் நாளே சோதித்துவைத்திருந்தாள். மூட்டைச் சந்தில் யாரும் வந்து மறிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. லைன்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து ஒயர்ச் சுருளோடு வந்து நின்றார். அவரை வாசலிலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். வகுப்பு முடியும்வரை நானும் சந்துக்கு நேரில் படாமல் கதவோரம் ஒதுங்கி, காது வைத்துக்கொண்டு நின்றேன்.

எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு சின்னப் பெண். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினாள். ஒன்றை வகுத்தால் குறையத்தானே வேண்டும், அரையால் வகுத்தால் எப்படி அதிகமாகும் என்பது அவளுடைய சண்டை. அந்தப் பெண் சண்டை போடட்டும் என்று ஓரகத்தி விட்டுவிட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஆறு இட்லி இருக்கிறது, ஆளுக்கு அரை இட்லி வைத்தால் எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துப் பன்னிரண்டு என்றாள். எண்ணிக்கை கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கேட்டாள் இவள். அந்தப் பக்கம் சத்தமில்லை. அறுந்துவிட்டதோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு அந்தப் பெண் இழுத்து ஒரு "ஓ" போட்டாள். அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வீட்டுக்குள் கோளாறைக் கண்டுபிடித்த அதே நிதானத்தோடு அங்கேயும் அவள் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை லைன்காரரிடம் இன்னொரு தம்ளர் காப்பியாகக் கொடுத்தேன்.

பிறகு சில நாள் பதில் வரவில்லை. என் கணவருக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. போனை வாங்கிக்கொண்டு கூடத்தில் மிச்சமிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று வேகத்தைப் பார்ப்பார். நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை, நெல் காய்ந்துகொண்டு வருகிறது என்பார். இவர் சொன்ன நாளில் வண்டி பிடித்து நெல்லைக் கொண்டுபோனோம், கொள்முதல் நிலையத்தில் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். வானம் நாலு நாள் வெறித்து வெயில் அடித்ததுதான் காரணம் என்று நான் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

வேலை கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது ஒரு வியாழக்கிழமை. கொழுந்தனாரிடம் உடனே சொல்லவில்லை அவள். மறுநாள் அவருக்கு விடுமுறை, நிதானமாகப் பேசலாம் என்று காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் கூப்பிட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கொழுந்தனார் தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தலைக்கு மேலே கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காதோரம் முழுக்க நரைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணி சௌக்கியமா என்று கேட்டார். இவள் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு வேலை கெடச்சிருச்சுங்க. கம்ப்யூட்டர் வாங்குனது இதுக்குத்தான். நீங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பி வந்துடுங்க."

என்ன வேலை, யார் கொடுத்தது என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மகள் படிப்பு என்றார், அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னாள். அப்புறம் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கொஞ்ச நாள் சும்மா இருங்க. அதுக்குத்தான் கூப்பிடறேன்."

அவர் உதட்டை ஒருமுறை கடித்துக்கொண்டார்.

"அண்ணிய கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லேன்."

நான் எழுந்து வந்து கதவைச் சாத்தினேன்.